ஹெகார்ட்டியின் கடைசி ஆசை

உட்காருங்கள் சார், தாராளமாக உட்காருங்கள். உங்கள் பையை நான் மடியில் வைத்துக்கொள்கிறேன். பின்னால் போகாதீர்கள், அங்கே ஹீட்டர் கணுக்காலைச் சுடும். முன்னால் போனால் டிரைவர் பேச்சுக் கொடுப்பார், அயர்லாந்துக்காரர் பேச ஆரம்பித்தால் ரோட்டைப் பார்க்க மாட்டார். இந்த இடம்தான் சரி. லிமெரிக்கில் ஏறும்போது போனில் தமிழ் பேசினீர்களே, அப்போதே நினைத்தேன், கடவுள் என்னை இன்னும் கைவிடவில்லை என்று.

டப்ளின் விமான நிலையம்தானே? நாங்களும் அங்கேதான். நாங்கள் என்றால் நானும், அதோ முன் சீட்டில் தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு பிடில் பெட்டியைக் கட்டிக்கொண்டு தூங்குகிறாரே, அவரும். மார்ட்டின் ஹெகார்ட்டி. எண்பத்திரண்டு வயது. மெதுவாகப் பேச வேண்டியதில்லை சார், அவருக்குத் தமிழ் தெரியாது. தெரிந்திருந்தால் நான் இன்றைக்கு இந்தப் பஸ்ஸில் இருக்க மாட்டேன்.

இன்னும் இரண்டரை மணி நேரம் இருக்கிறது. அதற்குள் எனக்கு ஒரு வழி பிறந்தாக வேண்டும். இல்லையென்றால் வருகிற வியாழக்கிழமை என் நாற்பத்தைந்து வருஷத்து மானம் நாகப்பட்டினத்தில் கப்பலேறிவிடும். மேலே கேளுங்கள்.

என் பெயர் குஞ்சிதபாதம். இந்த ஊரில் யாருக்கும் வாயில் நுழையவில்லை. தலையை வெட்டிவிட்டுப் ‘பேட்’ என்கிறார்கள். எழுத்துலகத்தில் எனக்குப் பெயர் ‘கடைசி வரிசை’. கேள்விப்பட்டிருக்கிறீர்களா? இல்லையா? உங்கள் அப்பாவைக் கேளுங்கள். ‘மணிமண்டபம்’ வார இதழில் நாற்பத்தைந்து வருஷம் சங்கீத விமர்சனம், வித்வான்கள் பேட்டி. கடைசி வரிசையில் உட்கார்ந்து எழுதியதால் அந்தப் பெயர். கடைசி வரிசை கேண்டீன் கதவுக்குப் பக்கம் என்பதால் அங்கே உட்கார்ந்தேன் என்று சிலபேர் பேசுவார்கள். பொறாமை. ரவா தோசை எந்த நிமிஷம் சூடாக வரும் என்பது தெரிந்தவனுக்குத் தனி ஆவர்த்தனம் எப்போது முடியும் என்பதும் தெரியும். இரண்டும் ஒரே காலப்பிரமாணம்.

நான் பொய் சொல்வதில்லை சார். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். என் வேலை செய்கிற முறை கொஞ்சம் வேறு, அவ்வளவுதான்.

முதல் பேட்டி எழுபத்தெட்டில். பெரிய பாடகர், பெயர் வேண்டாம். சென்னையிலிருந்து திருச்சிவரை ரயிலில் அவர் எதிரே உட்கார்ந்து பன்னிரண்டு கேள்வி கேட்டேன். பன்னிரண்டுக்கும் ஒரே பதில்: “எல்லாம் அம்பாள் கிருபை.” குரு யார்? அம்பாள் கிருபை. தினமும் எத்தனை மணி நேரம் சாதகம்? அம்பாள் கிருபை. திருச்சி வந்துவிட்டதா? அதற்கும் அம்பாள் கிருபை. ஆசிரியர் என்னைப் பார்த்தார். “யோவ், பன்னிரண்டு அம்பாள் கிருபையை எப்படிய்யா ரெண்டு பக்கத்துக்குப் போடறது?” என்றார்.

என்ன செய்வேன்? அன்று மத்தியானம் மேஜையில் உட்கார்ந்து கேள்வியையும் நானே எழுதினேன், பதிலையும் நானே எழுதினேன். சின்ன வயதில் அவர் கிணற்றுக்குள் இறங்கிப் பாடிப் பழகியதாகவும், கிணற்றுத் தண்ணீர் அவருக்கு எதிர்ஸ்வரம் பாடியதாகவும். இதழ் வந்த அன்று போன் வந்தது. அந்தப் பக்கம் அவர் குரல், நெகிழ்ந்து போய்: “ஓய், நான் இவ்வளவு நன்னாவா பேசினேன்?” அதற்கப்புறம் எந்த மேடை ஏறினாலும் அந்தக் கிணற்றுக் கதையைச் சொல்லாமல் இறங்க மாட்டார். கடைசியில் கிணறு எந்த ஊரில் என்றுகூடக் கண்டுபிடித்துவிட்டார்.

அன்றோடு நான் வித்வான்களைச் சந்திப்பதை நிறுத்திவிட்டேன். சந்தித்தால் அவர்கள் சொல்வது நடுவில் குறுக்கிடும். ஒரு மிருதங்கக்காரர் கார் பானட்டில் சாதகம் செய்வதாக எழுதினேன். இரண்டு மாதம் கழித்து ஒரு கல்யாண விஷயமாக அவர் வீட்டுக்குப் போனால், வாசலில் அம்பாசடர் நிற்கிறது, பானட் நசுங்கியிருக்கிறது! கண்ணால் பார்த்தேன் சார். இதைப் பொய் என்று எப்படிச் சொல்வது? கொஞ்சம் முந்திக்கொண்ட உண்மை என்று வேண்டுமானால் சொல்லலாம்.

ஒரு விதிமட்டும் வைத்திருந்தேன். எந்தப் பேட்டியும் ஒரு கடைசி ஆசையோடுதான் முடிய வேண்டும். “கண்ணை மூடறதுக்குள்ளே ஒரு தடவை…” என்று ஆரம்பித்து ஒரு வரி. காசியில் பாட வேண்டும், குருநாதர் சமாதியில் வாசிக்க வேண்டும், ஏதோ ஒன்று. அந்த வரி இல்லாத பேட்டிக்கு வாசகர் கடிதம் வராது. அந்த வரிதான் சார் இப்போது முன் சீட்டில் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறது.

செப்டம்பரில் இங்கே வந்தேன். என் பெண் சுகந்தி கில்பிரானிக் என்கிற சின்ன ஊரில் இருக்கிறாள், ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து டாக்டர். வீட்டிலும் அதே உத்தியோகம்தான். நான் பேச வாய் திறந்தால், “அப்பா, மாத்திரை போட்டுண்டு தூங்கு” என்பாள்.

ஊரைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்ல? மழை. மழை விட்டால் தூறல். தூறலும் விட்டால் எதிரே வருகிறவர் நின்று, “கிராண்ட் நாள், பேட்!” என்று மழை விட்டதைப் பத்து நிமிஷம் பேசுவார், அதற்குள் மழை வந்துவிடும். பக்கத்து வீட்டு பிரீடா, அவள்தான் ஊர்க்கோடியில் மதுக்கடை வைத்திருக்கிறாள், முதல் நாள் டீ வேண்டுமா என்றாள். நாம் எடுத்தவுடனே சரி என்போமா? வேண்டாம் என்றேன். அரைக் கோப்பை? வேண்டவே வேண்டாம். அவள் கையில் ஏற்கெனவே கெட்டில் இருக்கிறது. இந்த ஊரிலும் மூன்று தடவை மறுத்தால்தான் மரியாதையாம். நான்காவது தடவை அவள் ஊற்றியே விட்டாள். போனை வைக்கும்போது பாருங்கள், பை பை பை பை பை என்று எட்டுத் தடவை சொல்லிவிட்டு ஒன்பதாவதாக ஒரு புது விஷயத்தை ஆரம்பிப்பார்கள். கண்ணில் படுகிறவரெல்லாம் நீ யார் வீட்டுப் பிள்ளை, எந்த ஊர், யாருக்கு என்ன உறவு. எனக்கு என்னமோ கும்பகோணமும் கில்பிரானிக்கும் ஒரே ஊர் என்றுதான் தோன்றியது, நடுவில் கொஞ்சம் கடல்.

வந்து பத்து நாள் ஆகவில்லை, ஆசிரியர் போன். பழைய ஆசிரியரின் பிள்ளை, இப்போது அவன்தான் ஆசிரியர். “மாமா, தீபாவளி மலருக்கு அயர்லாந்து வித்வான் ஒருத்தர் பேட்டி வேணும். போட்டோவோட. அஞ்சு பக்கம்.”

ஊரில் வித்வான் என்றால் ஹெகார்ட்டிதான். ஞாயிறு மத்தியானம் பிரீடா கடையில் நாலைந்து பேர் வட்டமாக உட்கார்ந்து வாசிப்பார்கள். நான் உள்ளே போகவில்லை. சட்டை நனைந்திருந்தது. ஜன்னலுக்கு வெளியே குடையோடு நின்று கேட்டேன். எனக்குச் சங்கீதம் தெரியும் சார், உள்ளே போய்த்தான் கேட்க வேண்டும் என்றில்லை. பிரீடாவிடம் ஒரு போட்டோ வாங்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்தேன். எழுதினேன்.

இப்போது சொல்கிறேன், என் வாழ்க்கையில் எழுதியதிலேயே அதுதான் உயர்ந்தது. அறுபத்திநாலில் இருபத்திரண்டு வயது ஹெகார்ட்டி ஒரு சரக்குக் கப்பலில் சமையல்காரர். நாகப்பட்டினத்தில் கப்பல் பழுதாகிப் பதினொரு நாள் நிற்கிறது. ஒரு சாயங்காலம் சுவாமி புறப்பாடு. நாதஸ்வரம் பிச்சைக்கண்ணு. கல்யாணி ராகம். கப்பல்காரப் பையன் கையிலிருந்த கரண்டி கீழே விழுகிறது. மறுநாள் பிடிலை எடுத்துக்கொண்டு பிச்சைக்கண்ணு வீட்டு வாசலில் போய் நிற்கிறான். ஒருவர் பாஷை ஒருவருக்குத் தெரியாது. பதினொரு நாளும் வாசலில் உட்கார்ந்து இவர் ஒன்று வாசிக்க அவர் ஒன்று வாசிக்க… பத்தாம் நாள் பிச்சைக்கண்ணு அயர்லாந்து மெட்டு ஒன்றைச் சுவாமிக்கு முன்னால் வாசிக்கிறார், சுவாமி தோளில் ஆடுகிறார். சொல்லும்போதே எனக்குச் சிலிர்க்கிறது பாருங்கள். கடைசி வரி: “கண்ணை மூடறதுக்குள்ளே ஒரு தடவை பிச்சைக்கண்ணு வாசலில் உட்கார்ந்து வாசிக்க வேண்டும்.”

பிச்சைக்கண்ணு யாரா? யாருமில்லை சார். நான்தான்.

தமிழில் அச்சாகிற மலர். கில்பிரானிக்கில் யார் படிக்கப்போகிறார்கள்? என் கணக்கு அது. சுகந்தியின் ஆஸ்பத்திரியில் ஜெசிந்தா என்று நாகர்கோவில் நர்ஸ் ஒருத்தி இருப்பாள் என்று நான் கண்டேனா? அவள் போனில் மலரைப் பார்த்திருக்கிறாள், ஹெகார்ட்டி போட்டோவைப் பார்த்திருக்கிறாள், அந்த ஞாயிற்றுக்கிழமை பிரீடா கடையில் ஸ்டூல் மேல் ஏறி நின்று ஐந்து பக்கத்தையும் இங்கிலீஷில் படித்திருக்கிறாள், ஹெகார்ட்டியை எதிரே உட்கார வைத்துக்கொண்டு!

பிரீடா வந்து கதவைத் தட்டினாள். “பேட், மார்ட்டின் உன்னைக் கூப்பிடுகிறான்.”

சுகந்தி என்னைப் பார்த்தாள். “அப்பா, என்ன பண்ணினே?”

“ஒண்ணும் பண்ணலையே.”

“நீ ஒண்ணும் பண்ணாமத்தானே ஒவ்வொரு தடவையும் பண்ணியிருக்கே.”

போகும் வழியில் பிரீடா ஒரு விஷயம் சொன்னாள். அந்த மனிதர் பிறந்ததிலிருந்து மாவட்டத்தைத் தாண்டியதில்லை. தண்ணீர் என்றால் பயம். எதிரே தெரிகிற தீவுக்குக்கூடப் படகில் போனதில்லை. வீடு, மாடு, பிடில். மனைவி நோரா இறந்து மூன்று வருஷம், அன்றிலிருந்து வாயைத் திறந்து பத்து வார்த்தை பேசியதில்லை. அடிப்பாரா, வக்கீலைப் பார்ப்பாரா? அப்போதுதான் சென்னையில் ஒரு சபா எனக்கு ‘விமர்சன வேந்தர்’ பட்டம் கொடுப்பதாகக் கடிதம் போட்டிருந்தது. மார்கழி சீசன், முதல் ஞாயிறு. நாற்பத்தைந்து வருஷமாக மற்றவர்களுக்குப் போர்த்திய பொன்னாடையை எல்லாம் எண்ணிப் பார்த்தவன் சார் நான். எனக்கென்று ஒன்று வருகிற நேரத்தில் இது வெடித்தால்? ஒரு பேட்டி பொய் என்றால் அப்புறம் எல்லாவற்றையும் தோண்டுவார்கள். கிணற்றைத் தோண்டுவார்கள். பானட்டைத் திறந்து பார்ப்பார்கள்.

உள்ளே போனேன். முப்பது பேர் என்னைப் பார்க்கிறார்கள். ஹெகார்ட்டி எழுந்தார். ஆறடி. நேராக வந்து என் இரண்டு தோளையும் பிடித்தார். அவர் பேசுகிற இங்கிலீஷ் வாயில் உருளைக்கிழங்கை வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி இருக்கும், நான் தமிழில் சொல்கிறேன்:

“பேட், நான் சொன்னதை ஒரு எழுத்து மாற்றாமல் அப்படியே போட்டிருக்கிறாய்.”

சார், நான் அந்த மனிதரை அன்றைக்குத்தான் முதல்முதலாகக் கிட்டத்தில் பார்க்கிறேன்!

கடையே கைதட்டுகிறது. அவர் உட்கார்ந்துகொண்டு மேலே சொல்ல ஆரம்பித்தார். கப்பலின் பெயர் சொன்னார். பிச்சைக்கண்ணு தலைப்பாகை என்ன நிறம் என்று சொன்னார். சாயங்காலமானால் அவர் மனைவி எதையோ வறுப்பாளாம், அந்த வாசனையில் கடல் வாசனையே தெரியாதாம். எல்லாரும் வாயைப் பிளந்து கேட்கிறார்கள். ஒருவர் கேட்டார், “மார்ட்டின், அறுபது வருஷமாக இதை ஏன் சொல்லவேயில்லை?” அதற்கு அவர், “யாரும் கேட்கவேயில்லையே” என்கிறார்.

எனக்குப் புரிந்துவிட்டது. வயசு சார், வயசு. அச்சில் பார்த்ததும் நம்பிவிட்டார். நம் வித்வான்கள் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்! எழுத்துக்கு அந்தச் சக்தி உண்டு. பாவம், சூதுவாது தெரியாத பால்காரர்.

இருங்கள், முடியவில்லை. அந்தக் கடையில் ஒரு வழக்கம். ஒருவர் பாடியோ வாசித்தோ முடித்தால் அடுத்து யார் பாட வேண்டும் என்று கைகாட்டுகிற உரிமை அவருக்கு. கைகாட்டப்பட்டவர் மறுக்கவே கூடாது. டீயை மூன்று தடவை மறுக்கலாம், இதை ஒரு தடவைகூட மறுக்க முடியாது. ஹெகார்ட்டி வாசித்தார். பிச்சைக்கண்ணு கொடுத்த மெட்டாம் அது. நன்றாகவே இருந்தது, அதை ஒப்புக்கொள்கிறேன். வாசித்து முடித்துப் பிடில் வில்லை நீட்டி என்னைக் காட்டினார்.

நாற்பத்தைந்து வருஷம் அடுத்தவன் சுருதியைப் பற்றி எழுதினவன் நான். எனக்குப் பாட வராது. ஒரு கீர்த்தனம்கூட முழுசாகத் தெரியாது, சரணம் வரும்போது கேண்டீனில் இருப்பேன். முப்பது பேர் பார்க்கிறார்கள். கதவுப் பக்கம் ஜெசிந்தா சாய்ந்து நிற்கிறாள். என் வாயில் வந்தது ஒன்றே ஒன்றுதான்: ஓரெண்டு ரெண்டு, ஈரெண்டு நாலு, மூவெண்டு ஆறு… இரண்டாம் வாய்ப்பாடு. மூன்றாம் வகுப்பில் வாத்தியார் ராகம் போட்டுச் சொல்லிக்கொடுத்தது. கண்ணை மூடிக்கொண்டு பதினாறுவரை இழுத்து இழுத்துப் பாடினேன். கண்ணைத் திறந்தால் பிரீடா அழுகிறாள். “எவ்வளவு சோகமான பாட்டு!” என்கிறாள். ஜெசிந்தாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள், அது எதனால் என்று எனக்குத் தெரியும்.

பாடி முடித்ததும் கைகாட்டும் உரிமை எனக்கு வந்தது. பழிக்குப் பழி என்று ஹெகார்ட்டியைக் காட்டினேன். அவர் வாசித்துவிட்டு மறுபடி என்னைக் காட்டினார். மூன்றாம் வாய்ப்பாடு. அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் இதே கதி சார். போகாவிட்டால் வீட்டுக்கே வந்து கூட்டிப்போகிறார்கள். ஜுரம் என்று படுத்தேன், படுக்கையைச் சுற்றி நாற்காலி போட்டு வாசித்தார்கள். போன வாரம் பதினாறாம் வாய்ப்பாடு முடிந்தது. பதினேழு எனக்குத் தெரியாது. இந்த விமானம் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

உண்மையைச் சொல்லிவிட வேண்டியதுதானே என்கிறீர்களா? சுகந்தியும் அதையேதான் சொன்னாள். “அப்பா, அவர்கிட்டப் போய் நிஜத்தைச் சொல்லிடு.”

“எந்த நிஜத்தை?”

“நீ பேட்டியே எடுக்கலைங்கறதை.”

போனேனே! சேற்றில் ஒரு மைல் நடந்து அவர் தொழுவத்துக்குப் போனேன். மாடுகளுக்கு வைக்கோல் தள்ளிக்கொண்டிருந்தார். “மார்ட்டின், அந்தக் கதை முழுக்க என் கற்பனை. பிச்சைக்கண்ணு என்று யாருமே இல்லை” என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். மனிதர் வைக்கோலைத் தள்ளுவதை நிறுத்தினார். என்னை ஒரு பார்வை பார்த்தார். “உனக்கு அடக்கம் ஜாஸ்தி, பேட்” என்றார். அப்புறம் மறுபடி வைக்கோலைத் தள்ளியபடியே, “பிச்சைக்கண்ணு பெண்டாட்டி என்ன நிறப் புடவை கட்டியிருந்தாள் என்று நான் உனக்குச் சொன்னேனா?” என்று கேட்டார். காது மந்தம் போலிருக்கிறது. நான் சொன்னது விழவேயில்லை.

திரும்பி வரும்போது பிரீடா வழியில் பிடித்துக்கொண்டாள். எப்படித் தெரிந்ததோ, அந்த ஊரில் எல்லாம் தெரிந்துவிடும். விரலை ஆட்டிக்கொண்டு சொன்னாள்: “மூன்று வருஷம் கழித்து அந்த மனிதன் பேசுகிறான். சிரிக்கிறான். நீ போய் அதைச் சரி செய்கிறேன் பேர்வழி என்று எதையாவது கிளறினாய், உன்னை உன் வாய்ப்பாட்டோடு சேர்த்து ஏரியில் தள்ளிவிடுவேன்.” பாருங்கள், அவளும் நம்பிவிட்டாள். ஊரில் ஒரு ஜீவன் பாக்கியில்லை. ஐநூறு பேர் இருக்கிற ஊரில் ஒருவருக்குக்கூடச் சந்தேகம் வரவில்லை என்றால், நான் எப்படி எழுதியிருக்கிறேன் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

அதற்கப்புறம்தான் பெரிய இடி. ஒரு ஞாயிறு பூசையில் பாதிரியார் மேடையிலிருந்து அறிவிக்கிறார், நம் மார்ட்டினுக்கு ஒரு கடைசி ஆசை இருக்கிறது, நம் பேட் டிசம்பரில் இந்தியா போகிறார், கர்த்தர் வழியைத் திறந்திருக்கிறார் என்று. ஊரே சேர்ந்து டிக்கெட் எடுத்துவிட்டது. என் விமானம். என் பக்கத்து இருக்கை. பாஸ்போர்ட்டே இல்லாத மனிதர், ஒரு மாதத்தில் பாஸ்போர்ட், விசா, பூச்சி கடிக்காமலிருக்க ஊசி, எல்லாம். மாடுகளை அக்கா பிள்ளையிடம் ஒப்படைத்துவிட்டார். தண்ணீரைக் கண்டால் பயமே, கடலைத் தாண்டிப் போகிறாயே என்று கேட்டேன். மேலேதானே போகிறோம், கீழே பார்க்க மாட்டேன் என்கிறார்.

சென்னையில் ஆசிரியர் துள்ளுகிறான். “மாமா, பிரமாதம்! வியாழக்கிழமை நாகப்பட்டினம், பிச்சைக்கண்ணு வாசல்ல ஹெகார்ட்டி. வீடியோ எடுக்க ஆள் சொல்லியாச்சு. ஞாயித்துக்கிழமை உங்க பட்டமளிப்பு மேடையில அதைத் திரையில போடறோம்.” நாகப்பட்டினத்தில் எனக்குத் தெரிந்த ஒரே ஆள் ஓய்வுபெற்ற தபால்காரர். அவரிடம் பிச்சைக்கண்ணு குடும்பம் ஏதாவது இருக்கிறதா என்று விசாரித்தேன். “சாமி, நாப்பது வருசம் இந்த ஊர் லெட்டர் பூராவும் என் கைவழியாத்தான் போச்சு, அப்படி ஒரு ஆள் கிடையாது” என்றார். எனக்குத் தெரியாதா? ஆனாலும் கேட்டேன். ஒரு சபலம்.

ஆக, எனக்கு வியாழக்கிழமைக்குள் ஒரு வாசல் வேண்டும். ஒரு வாரிசு வேண்டும். முன்னால் போனால் நாகப்பட்டினம், பின்னால் போனால் பதினேழாம் வாய்ப்பாடு. நடுவில் இந்தப் பஸ்.

அப்போதுதான் சார் நீங்கள் லிமெரிக்கில் ஏறினீர்கள்.

கோபித்துக்கொள்ளக் கூடாது. போனில் பேசியது காதில் விழுந்தது. தங்கை பெண் கல்யாணம், மன்னார்குடி. வீட்டு வாசலில் பந்தல் போட்டாயிற்றா என்று கேட்டீர்கள். வாசல்! பந்தலோடு! நாதஸ்வரக்காரர்களும் எப்படியும் வந்திருப்பார்கள். பிச்சைக்கண்ணு குடும்பம் நாகப்பட்டினத்திலிருந்து மன்னார்குடிக்குக் குடிபெயர்ந்துவிட்டது, அவ்வளவுதானே. அரை மணி நேரம் சார். அவர் உட்கார்ந்து ஒரு மெட்டு வாசிப்பார், நீங்கள் பேரன் என்று பக்கத்தில் நிற்க வேண்டும். வேறொன்றும் வேண்டாம். கல்யாணத்துக்கு வெள்ளைக்காரர் வந்து பிடில் வாசித்தார் என்றால் சம்பந்தி வீட்டில் உங்கள் மதிப்பு எங்கே போகும்!

பெயர் என்ன சொன்னீர்கள்? தனகோபால். நல்ல பெயர். தாத்தா போட்டோ வீட்டில் இருக்கும் இல்லையா? மாலை போட்டு? போதும். என்ன செய்துகொண்டிருந்தார் தாத்தா? கடையா? யூரியா, பொட்டாஷ்… ஓ, உரக்கடை. யூரியா மூட்டை. சரி, அதனால் என்ன? போட்டோவில் மூட்டையா தெரியப்போகிறது? நாதஸ்வரத்தைத் தொட்டதே இல்லை என்கிறீர்கள், புரிகிறது. சங்கீதமே பிடிக்காது, ரேடியோவை அணைத்துவிடுவார். புரிகிறது சார், புரிகிறது. எழுந்திருக்காதீர்கள். பையை நான் விட மாட்டேன். பஸ் விமான நிலையத்துக்கு முன்னால் எங்கும் நிற்காது.

ஐயோ, முழித்துக்கொண்டுவிட்டார். தொப்பியைத் தூக்குகிறார். இங்கேதான் பார்க்கிறார். சார், வேறு வழியில்லை, நான் சொல்லிவிடப் போகிறேன், மன்னித்துவிடுங்கள்… மார்ட்டின்! இதோ, யாரென்று பார்! பிச்சைக்கண்ணுவின் பேரன்! இதே பஸ்ஸில்!

கையைக் கொடுங்கள் சார், அவர் கேட்கிறார், கொடுங்கள். இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார் பாருங்கள். அவர் சொல்வது உங்களுக்குப் புரியாது, நான் சொல்கிறேன். கன்னம் அப்படியே உங்கள் தாத்தா கன்னமாம். காற்றைச் சேர்த்து வைக்கிற கன்னம், எந்தக் கூட்டத்திலும் கண்டுபிடித்துவிடுவாராம். பார்த்தீர்களா எப்படி நம்புகிறார்? மனசு கேட்கவில்லை சார் எனக்கு. என்ன மார்ட்டின்? இன்னொரு தடவை சொல்லு.

உங்கள் தாத்தா… உங்கள் தாத்தா கடை வைத்திருந்தாராம். பகலெல்லாம் யூரியா விற்பாராம். பொட்டாஷும். நாதஸ்வரத்தை மூட்டைகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருப்பாராம். வீட்டில் ஒருவருக்கும் தெரியக் கூடாது, அதற்காகவே ரேடியோ பாடினால்கூட எழுந்து போய் அணைத்துவிடுவேன் என்று இவரிடம் சொல்லி, இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்களாம்.

சார்.

இதை நான் எழுதவில்லை. அம்பாள் சத்தியமாக ஒரு வரிகூட எழுதவில்லை. யூரியா என் கட்டுரையிலேயே கிடையாது. நீங்கள் சொன்னது என்னிடம், அதுவும் யூரியா, பொட்டாஷ், ரேடியோ என்ற வார்த்தைகளைத் தவிர முழுக்கத் தமிழில், இவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

அறுபத்திநாலில் உங்கள் தாத்தா எங்கே இருந்தார் சார்? சரக்கு எடுக்க நாகப்பட்டினம் பக்கம் போவதுண்டா? தெரியாதா? யாருக்காவது தெரியுமா? அம்மா முழித்துக்கொண்டுதான் இருப்பார்கள் இந்நேரம், கல்யாண வீடு. ஒரு போன் போடுங்கள். மூட்டை அடுக்கிவைத்த அறை இன்னும் இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். இருந்தால், பின்பக்கம் போய் யாரையாவது ஒரு தடவை பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள் சார்.